மதுரையில் இறங்கிய மாமன்

காரைக்குடிக்கென்று ஒரு விமான நிலையம் கிடையாது. வடக்கே போனால் திருச்சி, மேற்கே போனால் மதுரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். எதில் இறங்கினாலும் அந்தக் காலத்துச் சாலையில் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். இதை ஒரு வசதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை அந்த நினைப்பு போயிற்று.

அன்றைக்கு என் தங்கையின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. தங்கை காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் சொந்த ஊர் திருப்பத்தூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, நான் சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையாக இருந்தேன். தங்கைக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

அந்தப் பிறந்த வீடு நான்கு வருடங்களுக்கு முன்பு அவளைக் கைவிட்டிருந்தது. அவளுடைய மூத்த பையனின் காதுகுத்துக்கு நான் போகவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அப்பன் ஊரில் இல்லாவிட்டாலும் குத்தலாம், மாமன் இல்லாமல் குத்த மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் எழுதினேன். உண்மையைச் சொல்வதென்றால் நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு நாள் விசேஷத்துக்கு அவ்வளவு தூரம் போய் வரச் சோம்பேறித்தனம். துணிமணியைப் பார்சலில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பெரியப்பா மகனை மாமனாக உட்கார வைத்துக் காது குத்தியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி சபையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கூடப்பெறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில இரவல் மடியில காது குத்துறாக பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். தங்கை அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதவில்லை. நான் எழுதியதற்குப் பதிலும் இல்லை. இரண்டாவது பெண் பிறந்ததையே மாப்பிள்ளையின் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் காதுகுத்துக்கும் மாப்பிள்ளைதான் பத்திரிகை அனுப்பினார். அதன் ஓரத்தில், "மச்சான், இந்தத் தடவை நீங்கள் வராவிட்டால் அவளை என்னால் சமாளிக்க முடியாது" என்று பேனாவால் எழுதியிருந்தார்.

போக வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த முறை லீவும் கேட்டேன். வியாழன் ஒரு நாள் தந்தார்கள். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் நான் தனியாள். புதன்கிழமை வேலை முடித்துவிட்டு இரவு பத்து மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் விடிந்ததும் காரைக்குடியில் போய் இறங்கியிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் போவார்கள். எனக்கு வேறு எண்ணம் வந்தது. நான்கு வருடம் பேச்சு வாங்கிய மாமன் கசங்கின சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கக் கூடாது. ஏரோப்ளேனில் வந்தான் என்று இருக்கட்டும். அந்தக் கிழவி வாயைத் திறக்காமல் இருக்கட்டும். என் சம்பளத்துக்கு அது அதிகம்தான். ஆனாலும் காலை விமானத்துக்கு மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

தங்கை வீட்டில் போன் கிடையாது. எதிர்த்த அரிசிக் கடையில் சொன்னால் சொல்லிவிடுவார்கள். புதன் மத்தியானம் அலுவலகத்திலிருந்து பேசினேன். "நாளைக்குக் காலை ஏரோப்ளேனில் வருகிறேன். எட்டரைக்கு இறங்கும். மாப்பிள்ளையைக் கார் அனுப்பச் சொல்லுங்கள்" என்றேன்.

"ஏரோப்ளேன்லயா வாரீக?" என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்களிடம் திரும்பி, "எதுத்த வீட்டு மச்சான் ஏரோப்ளேன்ல வாராகளாம்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே போனை வைத்துவிட்டேன்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மதுரை விமான நிலையம் அப்போது சின்னக் கட்டடம்தான். சுற்றிலும் பொட்டல். வெளியே வந்தால் ஒரே பார்வையில் யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்காக யாரும் நிற்கவில்லை. கையில் ஒரே ஒரு சூட்கேஸ். அதற்குள் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தங்கைக்குச் சேலை, சின்ன டப்பியில் தங்கத் தோடு. மற்ற சீர்த் தட்டுகளுக்கு வேண்டியதை மாப்பிள்ளை காரைக்குடியிலேயே வாங்கி வைப்பதாக ஏற்பாடு.

என்னோடு வந்தவர்கள் கார்களில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். காரைக்குடியிலிருந்து வருகிற கார் ரயில்வே கேட்டில் நின்றிருக்கும் என்று கொஞ்ச நேரம் இருந்தேன். டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருப்பான் என்று கொஞ்ச நேரம் இருந்தேன். ஒன்பதேகால் ஆயிற்று. நான் கிளம்பிப் போய், அதற்குப் பின் கார் வந்து நின்றால் அதுவும் வம்பு. காது குத்த நல்ல நேரம் பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள். ஒன்றரைக்கு ராகுகாலம். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு காரை நேரத்துக்கு அனுப்பத் தெரியாத ஆளுக்குத் தங்கையைக் கொடுத்திருக்கிறோமே என்றெல்லாம் நினைத்தேன்.

எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. நாலைந்து முறை சுழற்றியபின் அரிசிக் கடை கிடைத்தது.

"கார் இன்னும் வரவில்லையே, கிளம்பியதா இல்லையா?" என்றேன்.

"ஆறு மணிக்கே கெளம்பிட்டாகளே. மாப்ள, அவுக அண்ணன், இன்னும் ரெண்டு பேரு. மாலையெல்லாம் வாங்கிக்கிட்டுப் போயிருக்காக. நல்லாப் பாருங்க, அங்குட்டுத்தான் நிப்பாக."

"எங்கே நிற்பார்கள்? இங்கே ஒரு காரும் இல்லை."

"திருச்சில ஏரோப்ளேன் எறங்குற எடத்துலதான்."

"நான் மதுரையில் நிற்கிறேன்" என்றேன்.

அவர், "மதுரைக்கு ஏரோப்ளேன் வருதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். "நம்ம பக்கத்து ஆளுக எல்லாம் திருச்சிலதான எறங்குவாக. சிங்கப்பூரு, மலேசியா, கொழும்பு, எங்கிருந்து வந்தாலும் திருச்சிதான."

மாப்பிள்ளை அங்கிருந்து போன் செய்தால் திரும்பி வரச் சொல்லுங்கள், எப்படியாவது ஒரு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று தங்கையிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். வாசலில் ஒரே ஒரு டாக்சி இருந்தது. காரைக்குடி என்றதும் டிரைவர் தலையை ஆட்டினார். பதினொரு மணிக்கு வேறு ஒருவரை ஏற்ற வேண்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கடைசியில் அண்ணா பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டார். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஏரோப்ளேனில் வந்த மாமன் காரைக்குடி பஸ்ஸில், சன்னல் இல்லாத சீட்டில், மடியில் சூட்கேஸோடு உட்கார்ந்திருந்தான்.

மேலூர் தாண்டுவதற்குள் கண்டக்டரிடம் மூன்று முறை, "எத்தனை மணிக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை அவர், "டிரைவர்ட்ட கேளுங்க. அவருதான ஓட்டுறாரு" என்றார். பக்கத்தில் சன்னலோரமாக ஒரு வாத்தியார். ஐம்பது வயதிருக்கும். மடியில் விடைத்தாள் கட்டும் கையில் சிவப்புப் பேனாவுமாக, பஸ் ஆடுகிற ஆட்டத்தில் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்குட்டுப் போறீக?"

"காரைக்குடிக்கு. தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. ஒரு மணிக்குள்ளே போகணும்."

"தாய்மாமனா?" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாய்மாமன் இந்நேரத்துக்கா போறீக? முந்துன நாளே போயிச் சேர வேணாமா?"

யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், இப்படிக் கேட்டது சுருக்கென்றிருந்தது. ஆனால் பேச ஆள் கிடைத்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு பேர் மாலையோடு திருச்சியில் போய் நிற்பதையும், மதுரைக்கு விமானம் வருமா என்று அரிசிக்கடைக்காரர் கேட்டதையும் சொன்னேன். இந்தக் காலத்திலும் இப்படி இருக்கிறார்களே, ஒருத்தருக்காவது யோசனை வேண்டாமா என்றேன். வாத்தியார் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்கள்லயும் இது உண்டு" என்றார் கடைசியில். "நாங்க வேதக்காரவுக. கோயில்ல ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன். வீட்ல காதுகுத்துக்குத் தாய்மாமன். அதுல எந்த மாத்தமும் கெடையாது. அதனாலதான் கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. எந்த ஊர்ல எறங்குறேன்னு சொன்னீகளா?"

"ஏரோப்ளேனில் வருகிறேன் என்று சொன்னேன்."

"அது சரி. எந்த ஊர்லன்னு சொன்னீகளா?"

நான் யோசித்தேன். போனில் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். எட்டரை மணி சொல்லியிருந்தேன். கார் சொல்லியிருந்தேன். ஏரோப்ளேன் என்று அழுத்திச் சொல்லியிருந்தேன். மதுரை என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. அலுவலகத்தில் என் வேலையே, மற்றவர்கள் எழுதுகிற குறிப்புகளில் விட்டுப்போனது என்ன என்று கண்டுபிடித்து, அதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான். அதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு.

"சொல்லல" என்றேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "அப்ப பாவம், அவுக என்ன செய்வாக" என்று சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் திறந்தார்.

அதன் பிறகு எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. அது இன்னும் மோசம். கோபம் இருந்தவரை நேரம் போனது தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நிறுத்தமும் தெரிந்தது. கருப்பட்டிப் பெட்டியோடு ஏறுகிறவர், சில்லறைக்குச் சண்டை போடுகிறவர், இறங்கிய பிறகு நினைவு வந்து குடையைக் கேட்கிறவர். தங்கை நினைப்பு வந்தது. என்னிடம் வருடக்கணக்கில் பேசாமல் இருக்க அவளால் முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. சின்ன வயதில் ஒரு மணி நேரம்கூட அவளால் முடியாது. இன்றைக்கும் நான் போகாவிட்டால் இனி எனக்கு இந்த ஊரில் போய் இறங்க வாசல் கிடையாது. அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க முடியாது. அவ்வளவுதான், அப்படியே முடிந்துபோகும்.

திருப்பத்தூரில் அந்த பஸ் பத்து நிமிடம் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிப்பார்கள். வாத்தியாருக்கு அங்கேதான் பள்ளிக்கூடம். விடைத்தாள் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கியவர் நேரே முன்னால் போய் டிரைவர் பக்கத்துச் சன்னலில் ஏதோ சொன்னார். டிரைவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

கண்டக்டர் படியில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னார். "இந்தா பாருங்க, தாய்மாமன் ஒருத்தர் காதுகுத்துக்கு நேரமில்லாம ஓடிக்கிட்டிருக்காரு. டீயைக் காரைக்குடில போயிக் குடிச்சுக்கிறலாம். யாரும் எறங்காதீக."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஏற்கெனவே வடை வாங்க இறங்கியிருந்த ஒருவர் மட்டும் பொட்டலத்தோடு ஓடிவந்து தொற்றிக்கொண்டு முனகினார். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "எத்தனாவது பிள்ளைக்கு?" என்று கேட்டார். இரண்டாவது என்றேன். மூத்ததுக்குப் போனீர்களா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வெளியே பார்த்துக்கொண்டேன். நல்லவேளை கேட்கவில்லை.

பிள்ளையார்பட்டியில் மட்டும் தப்பிக்க முடியவில்லை. பாதி பஸ் அங்கேதான் இறங்கியது. தேங்காய்ப் பை, மாலைப் பை, ஒரு பாட்டி, அந்தப் பாட்டியை இறக்கிவிட இரண்டு பேர். நான் சீட்டில் இருந்தபடியே கோயில் பக்கம் கும்பிட்டு, தரிசனத்துக்கு இன்னொரு நாள் வருகிறேன், இப்போது வண்டியை எடுக்கச் சொல்லு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டினேன் என்பதைவிட அதட்டினேன் என்பதுதான் சரி.

காரைக்குடியில் இறங்கும்போது பன்னிரண்டு நாற்பது. கண்டக்டருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "பேசிக்கிட்டு நிக்காதீக, ஓடுங்க" என்றார்.

காதுகுத்து தங்கை வீட்டில் இல்லை. பழைய தெருக்களில் ஒரு பெரிய வீட்டை எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் மலேசியாவில். காவலுக்கு இருப்பவர் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுவார். ஆட்டோக்காரரிடம் பத்திரிகையைக் காட்டினேன். வீட்டைத் தெரியும் என்றார். பஜாரைத் தாண்டி அந்தத் தெருக்களுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, இடையில் ஒரு சந்துகூட இல்லாமல் நீளமாகப் போகும். பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முற்றம் முற்றமாக உள்ளே அவ்வளவு தூரம்.

ஆட்டோக்காரர் ஒரு சின்னக் கதவின் முன்னால் நிறுத்தினார். அடுப்புப் புகையும் சாம்பார் வாசனையும் வந்தது.

"இது பின்வாசலாச்சே" என்றேன்.

"அவசரம்னு சொன்னீகள்ல. சுத்திப் போனா நேரமாகும். இப்படியே உள்ள போயிருங்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உள்ளே நுழைந்தேன். சமையல்காரர்கள் அண்டாவிலிருந்து சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, கிணற்றுப் பக்கத்தில், பட்டுச் சேலையோடு ஒரு மணைப்பலகையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவள் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். சூட்கேஸைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"பஸ்லயா வந்தீக?" என்றாள்.

"ஆமா."

"பெரியப்பா மகனை ஒக்காரச் சொல்லுவோம்னு முன்னால எல்லாருஞ் சொல்றாக. நேரமாச்சு, பிள்ளையத் தூக்கிட்டு வாங்கிறாக. பிள்ளைக்குப் பசிக்குதுன்னு சொல்லிட்டு இங்குட்டு வந்து ஒக்காந்துட்டேன்." குரல் தட்டையாக இருந்தது. "நீங்க வருவீகன்னு நம்பி ஒக்காரல. இன்னொருத்தர் மடில வைக்க மனசு வரல. அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. குழந்தையைத் தொடலாம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"இங்குட்டு வராதீக" என்றாள்.

சரி, முடிந்தது, வெளியே போகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு என்றும் நினைத்தேன்.

"சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வாங்க. போன தடவை என்னையப் பேசுன சனம் பூராம் முன்னாலதான் ஒக்காந்திருக்கு. அவுக கண்ணு முன்னால வாங்க" என்றாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "சீக்கிரம் போங்கண்ணே."

ஆட்டோ போய்விட்டிருந்தது. ஓடினேன். ஒரு வீடு தாண்டினால் திரும்பிவிடலாம் என்றால் அந்த ஊரில் முடியாது. வரிசை முழுவதும் முடிந்துதான் குறுக்குத் தெரு வரும். ஆறு வீடு, ஏழு வீடு, ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு அகலம். இப்படி வீடு கட்டியவர்களை மனசாரத் திட்டிக்கொண்டே, சூட்கேஸ் முழங்காலில் இடிக்க இடிக்க ஓடினேன். முன்தெருவுக்குள் திரும்பியபோது வாசலில் மேளக்காரர்கள் அவசரமாக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே நீளத்துக்கும் ஓடி, எனக்கு முன்னால் வந்து சொல்லியிருக்கிறாள்.

மாமன் சீர் வெளியிலிருந்து மாமனோடு வர வேண்டும். தட்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. அதனால் உள்ளே இருந்த பெண்கள் பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, பூத் தட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே தெருவுக்கு வந்து, எனக்குப் பின்னால் வரிசையாக நின்று, மறுபடியும் உள்ளே வந்தார்கள். எனக்குப் போட வேண்டிய மாலை திருச்சிப் பக்கம் எங்கேயோ காரில் இருந்தது. மாப்பிள்ளையும் மற்றவர்களும் இரண்டு மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். நான் பட்டுப்பாவாடையை ஒரு தட்டில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வியர்வை கண்ணில் இறங்க, மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். முகப்பில் அந்தக் கிழவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏரோப்ளேன்ல வாராகன்னு சொன்னாக. ஓடியில்ல வாராக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நகர்ந்து வழிவிட்டாள்.

ஒரு மணிக்கு ஆறோ ஏழோ நிமிடம் இருந்தது. முற்றத்தை ஒட்டிய இடத்தில் பாய் விரித்திருந்தார்கள். காது குத்தும் பத்தர் தங்கக் கம்பியோடு காத்திருந்தார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்ததும் வீறிட்டது. இரண்டு வயது முடிந்த பிள்ளை, பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்ததே இல்லை. அது என் கையை உதறிவிட்டு இறங்கப் பார்த்தது. உடம்பை வில்லாக வளைத்தது. கூட்டத்தில் நின்ற பெரியப்பா மகனைப் பார்த்து, "மாமா, மாமா" என்று கையை நீட்டியது. அவன் திருமயத்தில் இருக்கிறான். வாராவாரம் வந்து போகிறவன். குழந்தைக்கு மாமன் என்றால் அவன்தான். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு விமான நிலையம், ஒரு பஸ், ஓட்டம், எல்லாவற்றையும் தாண்டி வந்தது இந்த மடிக்குத்தான். வந்து உட்கார்ந்த பிறகு அதை எனக்கென்று யாரும் காலியாக வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது. குற்றம் யாருடையது என்று யோசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"நேரம் போகுது" என்றார் பத்தர்.

தங்கை பட்டுச் சேலையோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்து, குழந்தையின் இரண்டு கையையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் அதன் தலையை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். குழந்தை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா இவ்வளவு பக்கத்தில் உட்கார்கிற ஆள் ஏதோ தெரிந்தவன்தான் போலிருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பத்தர் அதற்குள் முதல் காதைக் குத்திவிட்டார். பிறகு இரண்டாவது. சிவப்பு நூல் மாதிரி மெல்லிய கோடாக ரத்தம் வந்தது.

குழந்தை விடுபட்ட கைகளால் என் நெஞ்சில் அடித்தது. கன்னத்தில் அடித்தது. மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி அழுதது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "தூக்கிக்கம்மா, நீ தூக்கிக்க" என்று தங்கையிடம் நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. முந்தானையால் என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"அழுகட்டும்ணே" என்றாள். "ஒங்க மடியிலதான அழுகுறா."